மீன் குழம்புக்கும் வடித்த சோற்றுக்கும் வீட்டிலேயே கலோரி கணக்கிடுவது எப்படி?

கேட்டவர்: பாம்பன் கடலோரம்

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு 52 வயது. உயரம் 165 செ.மீ. 28 ஆண்டுகள் விசைப்படகில் தொழிலுக்குப் போனவர், முழங்கால் தேய்மானத்தால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, இப்போது கரையில் ஓர் ஐஸ் கம்பெனியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறார். உழைப்பு குறைந்ததே தவிர சாப்பாடு குறையவில்லை. 70 கிலோவாக இருந்தவர் 82 கிலோ ஆகிவிட்டார். எடை இறங்கினால்தான் முழங்கால் வலி இறங்கும் என்று சொன்ன மருத்துவர், நாளொன்றுக்கு 1,800 கலோரிக்குள் உணவை வைத்துக்கொள்ளுமாறு எழுதிக் கொடுத்தார். எதில் எவ்வளவு என்று விளக்கிச் சொல்ல அவருக்கு அன்று நேரம் இருக்கவில்லை. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றிருந்தார்கள்.

கைபேசியில் இரண்டு செயலிகளை இறக்கிப் பார்த்தேன். மீன் குழம்பு ஒரு கிண்ணம் என்று தேடினால் ஒன்று 140 என்கிறது, மற்றொன்று 310 என்கிறது. எந்த மீன், தேங்காய் அரைத்ததா அரைக்காததா, கிண்ணம் எவ்வளவு பெரியது என்று இரண்டுமே சொல்லவில்லை. இரண்டில் எதை நம்பினாலும் ஒரு நாள் கணக்கு நூற்றுக்கணக்கில் தவறிவிடும் என்பதால் அவற்றை மூடி வைத்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் காலையில் இட்லியும் தேங்காய்ச் சட்னியும், மதியம் வடித்த சோறும் மீன் குழம்பும் பொரித்த மீனும், இரவில் தோசையும் மிஞ்சிய குழம்பும் இருக்கும். இடையே நான்கு முறை தேநீர், மாலையில் கடையில் வாங்கும் பருப்பு வடை. கோடையில் பதநீர் வாங்குவோம். எலக்ட்ரானிக் தராசு ஒன்று வாங்கிவிட்டேன். ஆனால் அதை வைத்து எதை எடை போடுவது என்பதிலேயே தடுமாறுகிறேன். அரிசியையா, சோற்றையா? மீனை முள்ளோடு நிறுப்பதா, முள் இல்லாமலா? பொரித்த எண்ணெயில் எவ்வளவு மீனுக்குள் போயிருக்கும் என்பதை எப்படி அறிவது? என் கணவரோ, மீன்தானே சாப்பிடுகிறேன், அதில் என்ன கொழுப்பு இருக்கிறது என்கிறார். அவர் சொல்வது சரியா என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.


பதில்: மண்டபம் மனையியல்

சகோதரிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் மாணவிகளுக்கு மனையியல் கற்பித்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். தராசு வாங்கியதே பாதி வேலை முடிந்ததற்குச் சமம். இனி அந்தத் தராசில் வைக்க வேண்டியது தட்டில் இருக்கும் பதார்த்தத்தை அல்ல, அடுப்பில் ஏறுவதற்கு முன் சட்டிக்குள் போகும் பொருள்களை. மீன் குழம்பு என்ற பெயருக்குக் கலோரி கிடையாது. அதில் விழுந்த எண்ணெய்க்கும் தேங்காய்க்கும் மீனுக்கும்தான் கலோரி உண்டு. உங்கள் செயலிகள் முரண்படுவதன் காரணம் இதுவே. ஒருவேளை இரண்டுமே சரியாக இருக்கலாம், வெவ்வேறு வீட்டுக் குழம்புகளுக்கு.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். உணவைப் பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்பது உண்மையில் கிலோ கலோரி, அதாவது ஒரு கிலோ தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான ஆற்றல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் உணவு வகைகளை எரித்தும், மனிதர்களுக்குக் கொடுத்து அவர்கள் கழித்ததை அளந்தும் ஒரு கணக்கைக் கண்டார். அதன்படி மாவுச்சத்து ஒரு கிராமுக்கு 4, புரதம் ஒரு கிராமுக்கு 4, கொழுப்பு ஒரு கிராமுக்கு 9. புரதத்தை ஆய்வுக்கூடத்தில் எரித்தால் கிராமுக்கு 5.65 வரை வரும். ஆனால் உடலோ அதன் ஒரு பகுதியை யூரியாவாகச் சிறுநீரில் கழித்துவிடுகிறது, கொஞ்சம் செரிக்காமலும் போகிறது, அதனால்தான் 4 என்று கொள்கிறோம். இந்த மூன்று எண்களையே உலகம் முழுவதும் இன்றும் உணவுப் பொட்டலங்களில் பயன்படுத்துகிறார்கள்.

நம் நாட்டு உணவுகளுக்கு இந்தச் சத்துகளை அளந்து வெளியிடுவது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். 1918-ஆம் ஆண்டு நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவுதான் பின்னர் வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 2017-இல் அவர்கள் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருள்கள் இருக்கின்றன. அரிசி, பருப்பு, கீரை மட்டுமல்லாமல் கடல் மீன்களுக்கும் தனிப் பகுதி உண்டு. அதைப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். அதில் ஆற்றல் கிலோ ஜூலில் தரப்பட்டிருக்கிறது. அரிசிக்கு நேரே 1,491 என்று கண்டு என் மாணவிகள் பலர் திகைத்திருக்கிறார்கள். அதை 4.184-ஆல் வகுத்தால் 356 வரும். அதுதான் 100 கிராம் பச்சரிசியின் கலோரி. புழுங்கலரிசிக்கும் ஏறத்தாழ 350-தான். நம் மாவட்டத்துச் சித்திரைக்கார் போன்ற சிவப்பரிசிகளும் கலோரியில் இதற்கு அருகிலேயே இருக்கும். அவற்றின் நன்மை நார்ச்சத்திலும் தாதுக்களிலும் இருக்கிறதே தவிர, கலோரி குறைவதில் இல்லை.

அரிசியையா சோற்றையா என்று கேட்டீர்கள். இரண்டையும் ஒரே ஒருமுறை நிறுத்தால் போதும். நான் 500 கிராம் புழுங்கலரிசி வடித்தபோது 1,450 கிராம் சோறு கிடைத்தது. 500 கிராம் அரிசியில் 1,750 கலோரி என்றால், 100 கிராம் சோற்றில் 120. தண்ணீருக்குக் கலோரி இல்லை, ஆகவே குழைய வடித்தால் 100 கிராமுக்குக் குறைவாகவும், உதிரியாக வடித்தால் கூடுதலாகவும் வரும். வடித்த கஞ்சியோடு கொஞ்சம் மாவுச்சத்து வெளியேறுகிறது என்பதும் உண்மை. அதைக் கழிக்காமல் விட்டால் கணக்கு சற்று மிகையாகத்தான் இருக்கும், அதனால் தீங்கில்லை. பழைய சோற்றில் ஊற்றிய நீராகாரத்தைத் தனியே எண்ண வேண்டியதில்லை. முதல் நாள் வைத்த சோற்றின் எடையை எழுதி வைத்திருந்தால் அதுவே கணக்கு.

இப்போது குழம்பு. சென்ற வாரம் என் வீட்டில் விளைமீன் வைத்தபோது எழுதி வைத்த கணக்கைத் தருகிறேன். சுத்தம் செய்த துண்டுகள் 600 கிராம் இருந்தன. சாப்பிட்ட பிறகு முள்ளைத் திரட்டி நிறுத்தபோது 100 கிராம். ஆகவே உண்ட சதை, பச்சை மீன் கணக்கில், 500 கிராம். கொழுப்புக் குறைந்த மீனில் 100 கிராமுக்கு 20 கிராம் புரதமும் ஒன்றரை கிராம் கொழுப்பும் இருக்கும் என்று கொண்டால் 94 கலோரி. 500 கிராமுக்கு 470. நல்லெண்ணெய் 40 கிராம், அது 360. துருவிய தேங்காய் 100 கிராம். தேங்காயின் முற்றலைப் பொறுத்து அட்டவணைக்கு அட்டவணை 350 முதல் 440 வரை தருகிறார்கள், நான் 400 என்று வைத்தேன். சின்ன வெங்காயம் 150 கிராமுக்கு 75, தக்காளி 150 கிராமுக்கு 30, புளிக்கு 60, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சேர்ந்து 30 கிராமுக்கு 90, பூண்டும் வெந்தயமும் மற்றவையும் 20. கூட்டினால் 1,505.

இதில் மீனின் 470-ஐத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மீதி 1,035-தான் குழம்புக் கலவைக்கு உரியது. வெறும் சட்டியின் எடையை முன்பே குறித்து வைத்திருந்ததால், வெந்த துண்டுகளை எடுத்த பின் சட்டியில் இருந்த குழம்பு 1,300 கிராம் என்று தெரிந்தது. ஆக 100 கிராம் குழம்புக்கு 80 கலோரி. தேங்காய் அரைக்காமல் வைத்திருந்தால் இதே குழம்பு 49-க்கு வந்திருக்கும். மீனையும் குழம்பையும் இப்படிப் பிரித்து எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் ஒருவர் மூன்று துண்டு எடுப்பார், இன்னொருவர் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார்; இரண்டையும் சேர்த்து வகுத்தால் இருவர் கணக்கும் பிழையாகிவிடும்.

பொரித்த எண்ணெய்க்கும் வழி இருக்கிறது. எண்ணெய் ஊற்றிய வாணலியைப் பொரிப்பதற்கு முன் நிறுத்து, பொரித்து முடித்து நன்றாக ஆறிய பின், அடியில் தங்கிய மசாலாத் துகள்களை அரித்து எடுத்துவிட்டு மறுபடியும் நிறுத்துப் பாருங்கள். எட்டுத் துண்டு பொரித்ததில் எனக்கு 62 கிராம் குறைந்திருந்தது. அது 558 கலோரி, துண்டுக்கு 70. ஒரு துண்டில் இருந்த சதை 60 கிராம்தான், அதன் கலோரி 56. மீனைவிட மீன் குடித்த எண்ணெய்க்குக் கலோரி அதிகம் என்பதை உங்கள் கணவருக்கு இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.


பதில்: கீழக்கரை அடுப்படி

மண்டபத்து அம்மா சொன்ன எண்ணெய்க் கணக்கோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கரண்டியால் எண்ணெயை அளக்காதீர்கள். கரண்டிகள் வீட்டுக்கு வீடு வேறுபடும். ஒரு லிட்டர் எண்ணெய் என்பது 910 கிராம், பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கும். எண்ணெய்த் தூக்கைத் தராசில் வைத்து, தாளிப்பதற்கு முன்னும் பின்னும் எடையைப் பாருங்கள். அதற்கும் நேரமில்லை என்றால், மாதத் தொடக்கத்தில் வாங்கியதையும் மாத இறுதியில் மிஞ்சியதையும் கழித்து, வீட்டில் உண்பவர்கள் எண்ணிக்கையாலும் நாள்களாலும் வகுத்துவிடுங்கள். நான்கு பேர் கொண்ட வீட்டில் மாதம் 5 லிட்டர் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம், அதாவது 340 கலோரி எண்ணெயிலேயே போகிறது.

நான் விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுப்பவள். எங்கள் ஊர் இனிப்பான தொதலைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள் என்பதால் ஒருமுறை பொறுமையாக அதையும் கணக்கிட்டேன். தேங்காய்ப்பால் கணக்கைப் புரிந்துகொள்ள அதைவிடப் பொருத்தமான உணவு எனக்குத் தெரியவில்லை. அரிசி மாவு 500 கிராமுக்கு 1,750. கருப்பட்டி ஒரு கிலோவுக்கு 3,800. கருப்பட்டியில் இரும்பும் மற்றத் தாதுக்களும் சிறிது உண்டு என்பதற்காக அதைக் கலோரியில்லாத பொருள்போல நினைப்பவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். எடைக்கு எடை அது சர்க்கரைக்கு மிக அருகில்தான் நிற்கிறது. நான்கு தேங்காயில் துருவல் ஒரு கிலோ வந்தது. அது முழுவதும் தின்றால் 4,000. ஆனால் பால் பிழிந்த சக்கையிலும் கொழுப்பு தங்கும். மூன்று முறை பிழிந்ததால் முக்கால் பங்கு பாலில் இறங்கியதாகக் கொண்டு 3,000 என்று வைத்தேன். முந்திரி 100 கிராமுக்கு 580. எல்லாம் 9,130.

இனித்தான் கவனிக்க வேண்டிய இடம். மணிக்கணக்கில் கிளறக் கிளறத் தண்ணீர் வற்றுகிறது. வற்றுவதால் மொத்தக் கலோரி குறைவதில்லை. எடை குறைவதால் ஒவ்வொரு கிராமிலும் கலோரி அடர்கிறது. பதம் நெருங்கும்போது தேங்காய் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும். அதை வடித்து நிறுத்தேன், 150 கிராம். 1,350 கலோரி சட்டியை விட்டு வெளியேறிவிட்டது. மீதி 7,780. இறுதியில் தொதல் 2 கிலோ 100 கிராம் வந்தது. ஆகவே 100 கிராமுக்கு 370. விரல் நீளத்தில் 40 கிராம் துண்டு ஒன்றுக்கு ஏறக்குறைய 150. எண்ணெயை வடிக்காமல் விட்டிருந்தால் அதே துண்டு 160-ஐத் தாண்டியிருக்கும்.

வீட்டில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைக்கும்போதும் இதே முறைதான். முதல் பால், இரண்டாம் பால் என்று பிரித்துக் குழம்ப வேண்டாம். உடைத்த தேங்காய்த் துருவலை நிறுத்து முக்கால் பங்கை எண்ணுங்கள். அரைத்து அப்படியே விடும் குழம்புக்கும் சட்னிக்கும் முழுப் பங்கையும் எண்ண வேண்டும். சட்னியை யாரும் கணக்கில் கொள்வதில்லை என்பதுதான் என் வருத்தம். நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்டு, 800 கிராம் அரிசியும் 200 கிராம் உளுந்தும் அரைத்தால் 58 இட்லி வருகிறது; ஓர் இட்லிக்கு 60 கலோரி. சட்னியில் 30 கிராம் தேங்காய் ஒருவர் தட்டுக்கு வந்தால் அது 120. இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டதற்கு ஈடாகும்.


பதில்: தேவிபட்டினம் கரை

மீன் ஏலக்கூடத்திலும் பின்னர் ஒரு மீன் பதனிடும் நிலையத்தின் தரப்பரிசோதனைப் பிரிவிலும் வேலை பார்த்தவன் என்பதால், மண்டபத்து அம்மா மீனுக்கு வைத்த 94 என்ற எண்ணைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். விளைமீனுக்கும் பாறை மீனுக்கும் அது பொருந்தும். இறாலும் நண்டும் கணவாயும்கூட 80-க்கும் 100-க்கும் இடையில்தான் நிற்கும். ஆனால் அதே எண்ணை, மத்தி என்றும் சொல்லும் சாளைக்கு வைக்கக் கூடாது.

சாளை இனத்து மீன்களில் கொழுப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரை மிகுந்த பருவத்தில் உடலில் கொழுப்பைச் சேர்த்து வைத்து, சினை வளர்க்கும்போது அதைச் செலவழிக்கும் மீன் அது. மெலிந்த காலத்தில் 100 கிராம் சதையில் 3 கிராம் கொழுப்பு இருந்தால், கொழுத்த காலத்தில் 15 கிராமும் அதற்கு மேலும் போகும். புரதம் 19 கிராம் என்று வைத்தால் முன்னது 103 கலோரி, பின்னது 211. ஒரே மீன், ஒரே எடை, இருமடங்கு கலோரி. எந்த அட்டவணையும் நீங்கள் வாங்கும் நாளின் மீனைச் சொல்ல முடியாது. ஆனால் சட்டியில் எண்ணெய் ஊற்றாமலே மேலே எண்ணெய் மிதக்கிறதா என்பதைக் கண்ணால் பார்க்கலாம். அப்படி மிதந்தால் 200 என்றும், இல்லையென்றால் 120 என்றும் எழுதுங்கள். கொழுப்பு என்றதும் அஞ்சிச் சாளையை விலக்கிவிடவும் வேண்டாம். ஒமேகா 3 என்று மருத்துவர்கள் விரும்பிச் சொல்லும் கொழுப்பு அதில்தான் நிறைந்திருக்கிறது. பொரிக்காமல் குழம்பில் போட்டாலே போதும்.

முள்ளின் பங்கும் மீனுக்கு மீன் வேறுபடும். பெரிய மீனின் துண்டில் ஆறில் ஒரு பங்கு முள் என்றால், காரலில் தலையும் முள்ளும் குடலும் போக வாங்கிய எடையில் பாதிகூடத் தேறாது. நெத்திலியைத் தலை கிள்ளி அப்படியே உண்பதால் கழிக்க எதுவும் இல்லை. சாப்பிட்ட பின் தட்டில் மிஞ்சிய முள்ளை நிறுப்பது என்ற முறை நல்ல முறை; ஒவ்வொரு மீனுக்கும் ஒரே ஒருமுறை செய்து எழுதி வைத்துக்கொண்டால் பிறகு தேவைப்படாது. வெந்த மீனை நிறுத்துப் பச்சை மீனின் எண்ணால் பெருக்குவதுதான் தவறு, ஏனென்றால் வேகும்போது நீர் வெளியேறித் துண்டின் எடை ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிடுகிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்க, நாட்டுப்படகில் வரும் மீனின் விலை ஏறிவிடுவதால் நம் வீடுகள் கருவாட்டுக்கும் முட்டைக்கும் மாறிவிடும். அதற்கும் ஒரு குறிப்பு எழுதி வையுங்கள். முட்டை ஒன்றுக்கு 70 முதல் 75. பச்சை மீனில் முக்கால் பங்கு தண்ணீர். கருவாட்டில் அது வெளியேறியிருக்கும். ஆகவே 100 கிராம் கருவாட்டின் கலோரி பச்சை மீனைப்போல இரண்டரை, மூன்று மடங்காகத் தெரியும். ஆனால் நாம் உண்பது 20, 30 கிராம்தானே? கருவாட்டில் கலோரியைவிட உப்பைத்தான் கவனிக்க வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நன்றாக உப்பிட்ட கருவாடு 30 கிராம் அதில் பெரும்பகுதியை ஒரே வேளையில் தந்துவிடும். வெந்நீரில் ஊறவைத்து இரண்டு முறை கழுவுவதால் கலோரி அதிகம் குறையாது, உப்பு குறையும்.


மறுமொழி: பாம்பன் கடலோரம்

மூவருக்கும் என் நன்றி. நேற்று விடிந்ததிலிருந்து இரவு வரை எதையும் விடாமல் நிறுத்து எழுதினேன். கணவர் வழக்கமாக உண்பதையே உண்டார்.

காலையில் ஐந்து இட்லிக்கு 300, சட்னித் தேங்காய் 40 கிராமுக்கு 160, தாளித்த எண்ணெய் 45. மதியம் அவர் தட்டில் சோறு 470 கிராம் இருந்தது. கண்ணால் பார்த்து 300 இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதற்கு 565. அம்மா சொன்னதைப்போலவே விளைமீன் வைத்ததால் குழம்பு 200 கிராமுக்கு 160, குழம்பு மீன் ஒரு துண்டுக்கு 70, பொரித்த மீன் மூன்று துண்டுக்கு 378. இரவு நான்கு தோசை. மாவுக்கு 100, எண்ணெய் 5 கிராமுக்கு 45 என்று ஒவ்வொன்றும் 145, ஆக 580. மிஞ்சிய குழம்புக்கு 80. தேநீருக்குப் பால் 60 மில்லியும் சர்க்கரை 10 கிராமும் போடுகிறேன். நிலைப்படுத்திய பாலில் கொழுப்பு 4.5 விழுக்காடு என்ற கணக்கில் ஒரு தேநீருக்கு 85 வந்தது, நான்குக்கு 340. கடை வடை இரண்டை நிறுத்து, எண்ணெயை ஊகித்து 250 என்று எழுதினேன். மொத்தம் 2,928.

பிறகு அதையே பொருள்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். அன்று அவர் உண்ட மீன் சதை அனைத்துக்கும் சேர்த்து 238 கலோரிதான். வடையை விட்டுவிட்டாலும் எண்ணெய் மட்டும் 518, தேங்காய் 252. மீனில் கொழுப்பு இல்லை என்று அவர் சொன்னது விளைமீனைப் பொறுத்தவரை சரியாகவே இருக்கிறது. மீனுக்குப் பக்கத்தில் இருப்பதைத்தான் நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. இனி எதைக் குறைப்பது, எவ்வளவு வேகத்தில் குறைப்பது என்று சொல்வீர்களா? பதநீர் குடிக்கலாமா என்பதையும் சொல்லுங்கள்.


பதில்: இராமநாதபுரம் செவிலி

சகோதரி, 1,800 என்ற எண் எங்கிருந்து வந்திருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் குறைப்பது எளிதாகும். மிஃப்லின் செயின்ட் ஜோர் என்ற வாய்பாடு 1990-இலிருந்து மருத்துவமனைகளில் பழக்கத்தில் இருக்கிறது. ஆண்களுக்கு எடையைப் பத்தால் பெருக்கி, செ.மீ. உயரத்தை 6.25-ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, இறுதியில் 5 கூட்ட வேண்டும். பெண்களுக்கு 5 கூட்டுவதற்குப் பதிலாக 161 கழிக்க வேண்டும். உங்கள் கணவருக்கு 820, 1,031 இரண்டையும் கூட்டி, 260 கழித்து, 5 சேர்த்தால் 1,596. படுத்தே கிடந்தாலும் உடல் செலவழிப்பது அது. உட்கார்ந்த வேலைக்கு 1.4-ஆல் பெருக்கினால் 2,234. மருத்துவர் அதிலிருந்து நாளுக்கு 430 அளவில் குறைத்திருக்கிறார். ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7,700 கலோரிக்குச் சமம் என்பதால் மாதம் ஒன்றரைக் கிலோ இறங்கலாம். எடை குறையக் குறைய வேகமும் குறையும். அதற்கு மேல் விரைவுபடுத்த வேண்டாம்.

கடலில் வலை இழுத்த நாள்களில் அவருக்கு இன்னும் எவ்வளவோ தேவைப்பட்டிருக்கும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு, உட்கார்ந்த வேலையென்றால் 2,110, கடின உழைப்பென்றால் 3,470 என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை சொல்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி 1,360. அது கிட்டத்தட்ட 390 கிராம் அரிசி. பசி அந்தப் பழைய அளவையே கேட்டுக்கொண்டிருப்பது அவர் குற்றமல்ல என்பதால், குறைக்கும்போது அவரிடம் கடுமையாகப் பேசிவிடாதீர்கள்.

நீங்கள் அளந்தது ஒரு நாள் மட்டுமே. நாள்தோறும் 2,928 உண்டிருந்தால் இரண்டு ஆண்டில் 12 கிலோவுக்கு மேலும் ஏறியிருக்க வேண்டும். ஆகவே மற்ற நாள்களில் இதைவிடக் குறைவாக உண்கிறார் என்று தோன்றுகிறது. ஏழு நாள் எழுதி அதன் சராசரியைப் பாருங்கள். எண்ணெய், தேங்காய், சோறு, சர்க்கரை ஆகிய நான்கையும் கிராம் தவறாமல் நிறுங்கள். வெங்காயம், தக்காளி, மிளகாய்த்தூளை நிறுக்க வேண்டியதில்லை. அவற்றில் பாதி பிழையானாலும் ஒருவர் பங்குக்கு இருபது கலோரி மாறாது. பதநீரில் 100 மில்லிக்குச் சர்க்கரை 10 முதல் 13 கிராம் வரை இருப்பதால் 200 மில்லி டம்ளர் ஒன்றுக்கு 80 முதல் 100 என்று எழுதிக்கொண்டு, அன்றைக்கு ஒரு தேநீரை விட்டுவிடலாம். நுங்கு பெரும்பாலும் தண்ணீர்தான்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். அவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவராக இருந்தால், சோற்றைக் குறைப்பதற்கு முன் மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். உணவு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கி மயக்கம் வரும்.


மறுமொழி: பாம்பன் கடலோரம்

சர்க்கரை நோய் இல்லை. சென்ற மாதம்தான் பரிசோதித்தோம். ஏழு நாளும் எழுதத் தொடங்கிவிட்டேன். அதற்குள் நாளைய உணவை இப்படி அமைத்திருக்கிறோம். சோறு 300 கிராம். பொரித்த மீன் வாரத்தில் இரண்டு நாள் மட்டும். மற்ற நாள்களில் அதற்குப் பதிலாகக் குழம்பு மீன் இன்னொரு துண்டு. சட்னியில் தேங்காய் பாதி. இரும்புக் கல்லில் 2 கிராம் எண்ணெயில் மூன்று தோசை. வடை இல்லை, தேநீர் இரண்டு. கூட்டிப் பார்த்தால் 1,689 வந்தது. அவர் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, 1,800-க்கு இன்னும் 111 மிச்சமிருக்கிறதே என்றார். பிற்பகல் மூன்று மணித் தேநீரை மறுபடியும் சேர்த்து 1,774 என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.